கேள்விக்கு முன்னால் ஒரு சின்ன முன்னுரை

ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க சார். எனக்கு எந்தப் பக்கமா இருந்தாலும் ஒண்ணுதான். என் சம்சாரம்தான் பஸ்ல ஏறினா போதும், இந்தப் பக்கம் வேண்டாம், அந்தப் பக்கம் மாறி உக்காருங்கன்னு அழிச்சாட்டியம் பண்ணுவா. ஏன்டி, காத்து வரலையான்னு கேட்டா பேசாம சிரிப்பா. ஒரு கல்யாணத்துல, பந்தியில உக்காந்திருந்த மனுஷனையே எழுப்பி விட்டு இடம் மாத்தி உக்காந்தா. இலை போட்டு உப்பு வச்சாச்சு, அதுக்கப்புறம்! எந்தப் பக்கம் உக்காந்தா என்ன? நான் பேசுறது தெருக்கோடி வரைக்கும் கேக்கும்.

திருச்சிக்கா போறீங்க? நல்லதாப் போச்சு. நான் திருவெறும்பூர்ல இறங்கணும். அதென்ன கையில, புத்தகமா? மூடி வைங்க. ஓடுற பஸ்ல படிச்சா கண்ணு கெட்டுப் போயிடும்.

நான் வைத்திலிங்கம். கூட்டுறவுத் துறையில தணிக்கை அதிகாரியா இருந்து ரிடையரானவன். ஆனா திருவாரூர்ல வந்து வைத்திலிங்கம்னு விசாரிச்சா ஒருத்தனுக்கும் தெரியாது. ‘கேள்வி வைத்திலிங்கம்’னு கேளுங்க, வீட்டு வாசல்ல கொண்டாந்து விட்டுடுவாங்க. வாசல் வரைக்கும் வரமாட்டாங்க, தெருமுனையில நின்னு கையைக் காட்டிட்டு ஓடிடுவாங்க. ஆள் கிடைச்சா நான் விடமாட்டேன்னு ஒரு புரளி கிளப்பி விட்டிருக்கான் கலியபெருமாள்.

கலியபெருமாள் எங்க ஊர் சிந்தனையாளர் மன்றத்துச் செயலாளர். சிந்தனைக்கும் அவனுக்கும் ஏழாம் பொருத்தம். ஜவுளிக்கடை வச்சிருக்கான். விக்காத துண்டையெல்லாம் பொன்னாடைன்னு சொல்லி யார் தோள்லயாவது போடணும், அதுக்கு ஒரு மன்றம். மாசா மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கல்யாண மண்டபத்து மாடியில கூட்டம் நடக்கும். எங்கிருந்தாவது ஒரு பேச்சாளரைப் பிடிச்சுட்டு வருவான். நட்சத்திரங்களைப் பத்தி ஒருத்தர், மன அழுத்தத்தைப் பத்தி ஒருத்தர், சோழர் காலத்து வாய்க்காலைப் பத்தி ஒருத்தர். வாய்க்கால்காரர் பேசி முடிக்கிறதுக்குள்ள எங்க மன அழுத்தம் அதிகமாயிடுச்சு, அது வேற கதை.

எல்லாரும் முடிக்கிறது ஒரே மாதிரிதான் சார். "இத்துடன் எனது சிற்றுரையை நிறைவு செய்கிறேன், ஐயங்கள் இருப்பின் கேட்கலாம்." சிற்றுரையாம்! வெளிச்சம் இருக்கிறப்ப ஆரம்பிச்சு கொசு வர்ற நேரத்துல முடிச்சுட்டு, அதுக்குப் பேரு சிற்றுரை. அதைச் சொல்லிட்டு ஒரு சிரிப்பு சிரிச்சுக்கிட்டு நிப்பாங்க பாருங்க, கேள்வியே வராதுங்கிற தைரியத்துல. நம்ம ஜனங்களும் அதுக்கேத்த மாதிரிதான். அதுவரைக்கும் நிமிர்ந்து உக்காந்திருப்பான், கேளுங்கன்னு சொன்னதும் குனிஞ்சுடுவான். ஒருத்தன் செருப்பைத் தேடுவான். ஒருத்தன் செல்போனைத் தடவுவான். பாதிப் பேர் கண்ணு டீ டிரம் மேலயும் மிக்சர் பொட்டலத்து மேலயும்தான் இருக்கும். செவிடன் காதுல ஊதின சங்குன்னு சொல்வாங்களே, அதைக் கண்ணால பாக்கணும்னா எங்க மன்றத்துக்கு வாங்க.

தப்பித் தவறி எவனாவது எந்திரிச்சான்னு வைங்க. என்ன கேப்பான் தெரியுமா? "ஐயா அவர்களின் உரை அருமையிலும் அருமை, ஐயா அடிக்கடி வந்து எங்களுக்கு விருந்து படைக்கணும்." இது கேள்வியா சார்? இதுல எங்க இருக்கு கேள்விக்குறி? இன்னொருத்தன், ரிடையரான பல் டாக்டர். எந்தப் பேச்சாளர் வந்தாலும் எந்திரிச்சு, "உங்களுக்குப் பூர்வீகம் எந்த ஊரு?" அவ்வளவுதான் அவனோட அறிவுப் பசி.

அதனாலதான் நான் எந்திரிப்பேன். நாலாவது வரிசை, நடைபாதையை ஒட்டின நாற்காலி, அது என் இடம். எடுத்த எடுப்புல கேள்வியைப் போட்டு உடைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. "கேள்விக்கு முன்னால் ஒரு சின்ன முன்னுரை"ன்னுதான் ஆரம்பிப்பேன். கேள்விங்கிறது விதை சார். விதையை யாராவது கட்டாந்தரையில போடுவாங்களா? உழணும், தண்ணி கட்டணும், பரம்படிக்கணும். நான் உழ ஆரம்பிச்ச உடனே கலியபெருமாள் ஓடி வந்துடுவான். "சார், கேள்விக்கு வாங்க, கேள்விக்கு வாங்க"ன்னு கையைப் பிசைவான். இருபத்தெட்டு வருஷம் தணிக்கையில இருந்தவன் நான். சங்கத்துச் செயலாளருங்க எத்தனை பேரு என் முன்னாடி இப்படிக் கையைப் பிசைஞ்சிருக்காங்க.

என்னை அடக்குறதுக்கு அவன் போடாத திட்டமில்ல. முதல்ல மைக்கை அணைச்சுப் பாத்தான். எனக்கெதுக்குய்யா மைக்கு? அப்புறம் கேள்வியைத் துண்டுச் சீட்டுல எழுதிக் குடுங்கன்னான். எழுதிக் குடுத்தேன். ஒரு சீட்டு பத்தல, எட்டு சீட்டைக் குண்டூசி போட்டுக் குத்திக் குடுத்தேன். அதை வாசிச்சுப் பாத்த பேச்சாளர், தனக்கு ரயிலுக்கு நேரமாச்சுன்னு சொல்லிட்டுக் கிளம்பிட்டாரு. கடைசியா ஒருநாள் என்ன பண்ணினான் தெரியுமா? நான் முன்னுரையில பாதி தூரம் வந்திருக்கேன், நாட்டுப்பண்ணைப் போட்டுட்டான்! எல்லாரும் எந்திரிச்சு நின்னுட்டாங்க. நான் ஏற்கனவே நின்னுக்கிட்டுதான் இருந்தேன். மரியாதையா, ஆடாம அசையாம, முடியுற வரைக்கும் நின்னேன். முடிஞ்சதும் விட்ட இடத்துலேர்ந்து தொடர்ந்தேன். கலியபெருமாள் மூஞ்சியைப் பாக்கணுமே நீங்க அன்னைக்கு.

நீடாமங்கலம் வந்துடுச்சா? கேட்டைப் போட்டுட்டான். போச்சு. இனிமே ரயில் வந்து, அது ஆடி அசைஞ்சு போயி, அப்புறம்தான் திறப்பான். நமக்கென்ன அவசரம். நான் சொல்ல வந்த விஷயமே இனிமேதான் இருக்கு.

வெளியில இப்படின்னா, வீட்ல எனக்கு ஒரு குறையும் இல்ல சார். என் சம்சாரம் பேரு தையல்நாயகி. வைத்தீஸ்வரன் கோயில்ல சாமி பேரும் அம்மன் பேரும் சேர்ந்த மாதிரி அமைஞ்சிடுச்சுன்னு கல்யாணத்தன்னைக்கே எல்லாரும் சொன்னாங்க. அவளை மாதிரி நான் பேசுறதைக் கவனிக்கிற மனுஷி இந்த ஜில்லாவுலயே கிடையாது. அடுத்த கூட்டத்துல கேக்கப் போற கேள்வியை முதல்ல அவகிட்டதான் சொல்லிப் பாப்பேன். எதிர்ல உக்காந்து காய் நறுக்குவா. அருவாமணையில கை பாட்டுக்கு ஓடும், கண்ணு மட்டும் என் வாயை விட்டு நகராது. வச்ச கண்ணு வாங்காம என் வாயையே பாப்பா. பேசி முடிச்சு எப்படின்னு கேட்டா ஒரு தலையாட்டல், ஒரு சிரிப்பு. ஒரு எதிர்ப்பேச்சு கிடையாது. ஒரு குறுக்குக் கேள்வி கிடையாது. கலியபெருமாளைக் கூட்டிட்டு வந்து காட்டணும், பாருடா, இதுதான்டா சபைன்னு.

மத்த விஷயத்துல கொஞ்சம் அசமந்தம்தான், இல்லேன்னு சொல்ல மாட்டேன். வயசாக வயசாக முத்திப் போச்சு. குக்கர் பாட்டுக்கு விசில் அடிக்கும், அவ கூடத்துல உக்காந்து பூ கட்டிக்கிட்டிருப்பா. சோறு குழைஞ்சு கஞ்சியாயிடும். நான் வாசல்ல நின்னு கதவைத் தட்டோ தட்டுன்னு தட்டுவேன், உள்ள அசைவு இருக்காது. பால் பொங்கி வழியும், முதுகுக்குப் பின்னாடி. உனக்கு உடம்பு முழுக்கத் திமிருடின்னு ஒருநாள் சத்தம் போட்டேன். அதுக்கும் சிரிச்சுக்கிட்டே தலையாட்டினா. அப்பேர்ப்பட்ட பொறுமைசாலி.

எங்களுக்கு ஒரே பொண்ணு, மங்கையர்க்கரசி. அரசின்னு கூப்பிடுவோம். திருச்சியில டாக்டரா இருக்கா. காது மூக்கு தொண்டை. மாப்பிள்ளை பாய்லர் கம்பெனியில இருக்காரு, திருவெறும்பூர்லயே வீடு. இந்தத் தை மாசம் பொங்கலுக்கு வந்தா. வந்தவ ரெண்டு நாள் அம்மாவையே சுத்திச் சுத்தி வந்தா. அம்மா பின்னாடி நின்னுக்கிட்டு டம்ளரைத் தட்டுறா, ஸ்பூனைக் கீழ போடுறா, பேரைச் சொல்லிக் கூப்பிடுறா. சின்னப் புள்ளையா இவன்னு எனக்குக் கோவம். அன்னைக்கு நான் மன அழுத்தக்காரரோட புத்தகத்தைத் தணிக்கை பண்ணிக்கிட்டிருந்தேன். சத்தம் போடாம அந்தப் பக்கம் போய் விளையாடுங்கன்னு விரட்டி விட்டேன். ஊருக்குக் கிளம்பும்போது என் முன்னாடி வந்து நின்னா. "அப்பா, உங்ககிட்ட அம்மாவைப் பத்தி ஒண்ணு சொல்லணும்"னா. சொல்லும்மா, அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லிடறேன்னு சோழர் வாய்க்கால்ல ஆரம்பிச்சேன். அதுக்குள்ள மாப்பிள்ளை கார்ல ஹாரன் அடிச்சுட்டாரு.

அடுத்த மாசம் கலியபெருமாள் வீட்டுக்கே வந்தான். என் வீட்டு வாசப்படி மிதிக்காதவன்! கையில வாழைப்பழச் சீப்பு வேற. "அண்ணே, இந்த மாசம் நம்ம அரசிதான் பேசுது. காது பத்தி. அதுவா போன் பண்ணிக் கேட்டுச்சுண்ணே, எங்க ஊர்ல பேசணும்னு." சரி, பேசட்டும். "அண்ணே, ஒரே ஒரு வேண்டுகோள். அன்னைக்கு மட்டும் நீங்க எந்திரிக்காம இருங்கண்ணே. பெத்த பொண்ணு." பாத்தீங்களா புத்தியை? பெத்த பொண்ணுன்னா? தணிக்கைக்குப் போற இடத்துல மச்சான் இருந்தாலும் விட்டவனில்ல நான். அன்னைக்கு ராத்திரியே அரசியும் போன் பண்ணினா. "அப்பா, நீங்க வரணும். முன் வரிசையில அம்மா பக்கத்துல உக்காரணும். நான் பேசுறதை முழுசா காதுல வாங்கிக்கிட்டாப் போதும். கேள்வியெல்லாம் வேண்டாம்பா." ரெண்டு பேரும் கூடிப் பேசியிருக்காங்கன்னு எனக்கு அப்பவே புரிஞ்சுடுச்சு.

முன் வரிசையில நான் உக்காரல. நாலாவது வரிசை, என் இடம். தையல்நாயகி மட்டும் முன்னாடி பச்சைப் புடவையில உக்காந்திருந்தா. கூட்டமான கூட்டம். நம்ம ஊர்ப் பொண்ணுன்னு பொம்பளைங்க எல்லாம் வந்துட்டாங்க. கலியபெருமாள் சம்சாரம்கூட வந்திருந்தது. பேச்சோட தலைப்பு, ‘காதைக் காப்போம்’. தலைப்புலயே சரக்கு இல்ல பாருங்க. நானா இருந்தா வேற வச்சிருப்பேன்.

அவ பேச ஆரம்பிச்சா. நல்ல குரல், அது எங்க குடும்பத்துக் குரல். நான் அழைப்பிதழைத் திருப்பி வச்சுக்கிட்டு முன்னுரைக்குக் குறிப்பெடுக்க ஆரம்பிச்சேன். காது குத்துறதுல தொடங்குறதா, சிற்பத்துல சாமிக்கெல்லாம் காது தோள் வரைக்கும் தொங்குதே, அதுல தொடங்குறதான்னு ஒரே யோசனை. சிற்பத்துல தொடங்கினா சோழர் வந்துடும், சோழர் வந்தா வாய்க்கால் வந்துடும், போன தடவை பாதியில நின்னதையும் சேர்த்து முடிச்சுடலாம். இப்படி ஒழுங்கா அமைஞ்சு வர்றப்ப இடையில இடையில அவ பேச்சு வந்து காதுல விழுந்து கெடுக்குது. ஒரு வீடுங்கிறா. அந்த வீட்ல ஒரு அம்மாங்கிறா. குக்கருங்கிறா. டாக்டர் பேச்சுல குக்கர் எங்கய்யா வந்தது? விஷயம் தீர்ந்து போனா பேச்சாளருங்க இப்படித்தான் வீட்டுக் கதைக்குத் தாவுவாங்க. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்.

அப்ப ஒண்ணு நடந்துச்சு சார். சபையில எல்லாத் தலையும் மெதுவா என் பக்கம் திரும்புச்சு. முன் வரிசை, ரெண்டாவது வரிசை, பக்கத்துல இருக்கிறவன், எல்லாரும். அந்தப் பல் டாக்டர்கூட. என்னடா இது, கேள்வி நேரம் இன்னும் வரலையே, அதுக்குள்ள இவ்வளவு எதிர்பார்ப்பான்னு எனக்குக் கொஞ்சம் பெருமையாக்கூட இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன். லேசா தலையை அசைச்சு வச்சேன். கலியபெருமாள் சம்சாரம் முந்தானையால கண்ணைத் தொடைச்சது. தூசி. அந்த மண்டபத்துல என்னைக்குப் பெருக்கியிருக்கான்?

"இதோட முடிச்சுக்கிறேன். கேள்வி ஏதாவது இருந்தா கேளுங்க"ன்னா அரசி. சிற்றுரை, பேருரைன்னெல்லாம் சொல்லல. அந்த ஒரு விஷயத்துல என் வளர்ப்பு தெரிஞ்சுது.

நான் எந்திரிச்சேன். கலியபெருமாள் தடுப்பான்னு பாத்தா, அவனே மைக்கை எடுத்துட்டு வந்து என் கையில குடுக்குறான். குடுத்துட்டு என் தோளை ஒரு தட்டு தட்டிட்டுப் போறான். எதிரியே இறங்கி வந்துட்டான்னு நினைச்சேன். சபையில ஒரு இருமல் கிடையாது. மிக்சர் பொட்டலம் பக்கம் ஒருத்தன் பாக்கல. இத்தனை வருஷத்துல எனக்கு இப்படி ஒரு அமைதி கிடைச்சதேயில்ல.

"கேள்விக்கு முன்னால் ஒரு சின்ன முன்னுரை"ன்னு ஆரம்பிச்சேன். காது குத்து, சிற்பம், சோழர். வாய்க்காலை நெருங்கிட்டேன். அரசி மேடையில கையைக் கட்டிக்கிட்டு நின்னு பாத்துக்கிட்டே இருந்தா. அப்புறம் மெதுவா, "அப்பா, ஒரு நிமிஷம்"னா.

நிறுத்தினேன்.

"அம்மாவுக்கு எந்தக் காது கேக்காதுப்பா?"

எப்படி இருக்கு பாருங்க! கேள்வி நேரம் யாரோடது? சபையோடது. பேச்சாளர் வேலை பதில் சொல்றது. பேச்சாளரே கேள்வி கேக்க ஆரம்பிச்சா அப்புறம் சபை எதுக்கு? உலகத்துல எந்த மன்றத்துலயாவது உண்டா இந்த அக்கிரமம்? எனக்கு மூஞ்சி ஜிவ்வுன்னு சிவந்துடுச்சு. தையல்நாயகியைப் பாத்தேன். அவ முன் வரிசையிலேர்ந்து திரும்பி என் வாயையே பாத்துக்கிட்டிருந்தா. நான் பேச்சை நிறுத்தினதும், முடிஞ்சுடுச்சு போலன்னு ஒரு சிரிப்பு சிரிச்சு, தலையாட்டினா. எப்பவும் போல.

"கேள்வி நேரத்தில் பேச்சாளர் வினா எழுப்புவது மரபில்லை"ன்னு சொல்லிட்டு மைக்கை நாற்காலி மேல வச்சேன். வெளிநடப்பு செஞ்சேன். சும்மா போகல, வெளிநடப்பு. படிக்கட்டுல நின்னு பாத்தேன், என் பின்னாடி நாலு பேராவது வருவாங்கன்னு. ஒருத்தன் வரல. உள்ள கைதட்டுற சத்தம்தான் கேட்டுச்சு.

அன்னைக்கே தையல்நாயகியைக் கார்ல ஏத்தித் திருச்சிக்குக் கூட்டிட்டுப் போயிட்டா. ஒரு காது சுத்தமாப் போச்சாம், இன்னொண்ணும் மங்கிக்கிட்டே வருதாம், அதுக்கு மெஷின் வைக்கணுமாம், பரிசோதனை பண்ணணுமாம். போன்ல சண்டை போட்டேன். காது கேக்கலேன்னா ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன, வாய் இருக்கில்லன்னேன். "அம்மா உங்ககிட்ட எத்தனையோ தடவை சொல்லியிருக்காங்கப்பா"ங்கிறா. சொன்னாளாம்! எப்ப சொன்னா? நான் பேசிக்கிட்டு இருக்கும்போது சொல்லியிருப்பா. நடுவுல பூந்து சொன்னா யாருக்கு சார் காதுல விழும்? நேரம் பாத்துச் சொல்லணும். நான் சும்மா இருக்கிற நேரமாப் பாத்துச் சொல்லணும்.

என்ன சிரிக்கிறீங்க? இருமலா? தண்ணி குடிங்க.

மெஷினை மாட்டின அன்னைக்கு, குழாய்ல தண்ணி சொட்டுற சத்தத்தைக் கேட்டு உக்காந்து சிரிச்சாளாம். போய் மூடாம, பக்கத்துல முக்காலியைப் போட்டு உக்காந்து! அரசி அதைச் சொல்லும்போது போன்ல அவ குரல் ஒரு மாதிரி ஆயிடுச்சு. வாஷர் தேஞ்சு போன குழாயில என்ன சார் இருக்கு சிரிக்கிறதுக்கும் அழுறதுக்கும்? சரி, இப்பதான் நல்லாக் கேக்குதே, போனைக் குடு அம்மாகிட்டன்னேன். குடுத்தா. நான் அந்தக் கூட்டத்துல நடந்த மரபு மீறலை முதல்லேர்ந்து விளக்கினேன். ஒரு மூச்சு பேசி முடிச்சு, எப்படின்னு கேட்டா, லைன்ல அரசி. "அப்பா, அம்மா போனை மேசை மேல வச்சுட்டு துணி காயப்போடப் போய் ரொம்ப நேரமாச்சு."

தலையாட்டினா போன்ல தெரியாதில்ல, அதனாலதான் போயிட்டா போலன்னு மனசைத் தேத்திக்கிட்டேன்.

ஒரு மாசம் ஆச்சு சார். வீடு வெறிச்சுனு கிடக்கு. நானே பொங்கித் திங்கிறேன். குக்கரை வச்சுட்டு வந்து உக்காந்தா யோசனை எங்கயாவது போயிடுது, விசிலைக் கோட்டை விட்டுடறேன். சோறு கஞ்சியாயிடுது. போன ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்குக்கூட நான் போகல. அடுத்த கேள்வியைச் சொல்லிப் பாக்கணும்னு கூடத்துல உக்காந்தேன். எதிர்ல அருவாமணை மட்டும் கிடக்கு. எடுத்து உள்ள வச்சேன். எனக்குப் பிடிக்கல சார். அந்த வீடு எனக்குப் பிடிக்கல.

கேட்டைத் திறந்துட்டான், தஞ்சாவூரும் தாண்டியாச்சு, பேச்சு சுவாரசியத்துல நான் கவனிக்கவே இல்ல. நீங்க தூங்கிடலையே? கண்ணை மூடிக்கிட்டு யோசிக்கிறீங்க. நல்லது. எங்க மன்றத்துல ஒருத்தனுக்கு இந்தப் பழக்கம் இருந்தா உருப்பட்டிருக்கும்.

முந்தாநாள் அரசி போன் பண்ணினா. "வந்து கூட்டிட்டுப் போங்கப்பா. ஆனா அம்மா ஒண்ணு சொல்றாங்க. அன்னைக்கு நான் கேட்டேனில்ல, அதுக்கு நீங்க பதில் சொன்னா வர்றாங்களாம். இல்லேன்னா இங்கயே இருக்காங்களாம்." யார் சொல்றதுன்னு கேட்டேன். அம்மாதான்னா. நிபந்தனை! தையல்நாயகி எனக்கு நிபந்தனை போடுறா! மெஷின் மாட்டின ஒரு மாசத்துல இவ்வளவு தூரம் வந்துடுச்சு.

நானும் சும்மா போகல. பதிலைத் தயார் பண்ணிட்டுதான் போறேன். முதல்ல, கேள்வி நேரத்தோட இலக்கணம் என்ன. ரெண்டாவது, சபையில புருஷனைப் பொண்டாட்டி முன்னாடி, அதுவும் பெத்த பொண்ணே மடக்குறது எந்த ஊர் நியாயம். மூணாவது, இவ்வளவு நாள் நான் பேசினதெல்லாம் கேக்கலேன்னா, தலையாட்டினது எதுக்கு? இது முக்கியம். கேக்காமலே எதுக்குத் தலையாட்டினே? என்னை ஏமாத்தினதாத்தானே அர்த்தம்? இதுக்கு அம்மாவும் பொண்ணும் பதில் சொல்லட்டும் பாக்கலாம். ஒரு சின்ன முன்னுரையோட ஆரம்பிச்சா, இட்லி வேகுறதுக்குள்ள முடிச்சுடுவேன்.

துவாக்குடி வந்துடுச்சு. டோல்கேட் தாண்டினா நான் இறங்கணும். அந்தப் பையைக் கொஞ்சம் எடுங்க. முறுக்கு. கடையில வாங்கினதுதான். அவளுக்கு இது பிடிக்கும், கடிக்கிற சத்தம் பிடிக்கும்னு முன்னாடி ஒருக்கா சொல்லியிருக்கா. நடுவுல ஏனோ வேண்டாம்னு நிறுத்திட்டா.

ஆக, இத்தோட முடிச்சுக்கிறேன் சார். ஏறினதுலேர்ந்து நானே பேசிட்டேன், நீங்க வாயே திறக்கல. உங்களுக்கு ஏதாவது கேள்வி இருந்தா கேளுங்க. நான் கலியபெருமாள் மாதிரி இல்ல, சபைக்கு மரியாதை குடுக்கிறவன். கேளுங்க, கேளுங்க. முன்னுரை மட்டும் வேண்டாம், நேரமில்ல.

என்னது?

எந்தக் காதுன்னா?

நீங்களும் அந்தக் கட்சிதானா? இவ்வளவு நேரம் நான் தொண்டைத் தண்ணி வத்தப் பேசினதுல உங்களுக்கு வந்த கேள்வி இதுதானா? விடிய விடியக் கதை கேட்டுட்டு... அதுல என்ன இருக்கு சார்? இருக்கிறது ரெண்டு காது. இடதுன்னு சொல்லுவேன். தப்புன்னா வலது.

இல்ல. இருங்க. கண்டுபிடிச்சுடலாம். பஸ்ல இடம் மாத்தி உக்காருவாளே, அப்ப எந்தப் பக்கம் வருவா? ஜன்னல் பக்கம்... இல்லையே, ஜன்னலை எனக்குத்தான் விடுவா. நான் ஜன்னல்னா, அவ இந்தப் பக்கம். அது பஸ்ல எந்தப் பக்கத்துச் சீட்டுங்கிறதைப் பொறுத்துல்ல இருக்கு. கல்யாணப் பந்தியில? அந்த மனுஷனை எழுப்பி விட்டாளே, அவர் எனக்கு இந்தப் பக்கமா உக்காந்திருந்தாரு, அந்தப் பக்கமா? நான் அப்ப சம்பந்தி வீட்டுக்காரர்கிட்ட பேசிக்கிட்டிருந்தேன். கோயில்ல? கோயில்ல நான் முன்னாடி போயிடுவேன். அவ பின்னாடி வருவா.

நாற்பது வருஷம் பக்கத்துல உக்காந்திருக்கா சார். எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியல.

விசில் அடிச்சுட்டான். இறங்கணும். வழி விடுங்கப்பா. சார், உங்களைத்தான். நீங்க படிச்சவர் மாதிரி இருக்கீங்க. இந்த நேரத்துல அவ அடுப்படியில இருப்பா. தண்ணி தெறிக்கும்னு அந்த மெஷினைக் கழட்டி வச்சிருப்பாளாம், அரசி சொன்னா. கதவு திறந்துதான் இருக்கும். எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிப்பா.

நான் எந்தப் பக்கம் நின்னு சார் கூப்பிடணும்?